பரமார்த்த குருவின் சீடர்களும் நம் பிள்ளைகளும்

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைச் சிரித்துவிட்டு மூடிவைக்கும் நூலாகவே நம்மில் பலர் கருதுகிறோம். ஐரோப்பாவிலிருந்து வந்த குருமார் பேச்சுத் தமிழ் பழகுவதற்கென எழுதப்பட்ட நூல் அது. போதிக்க வந்தவர்கள் முதலில் மாணாக்கராய் அமர்ந்து அதைப் படித்தார்கள்.

அண்மையில் அதை மீண்டும் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு உறங்குகிறதா என்றறியச் சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கிறான். 'சுர்' என்ற ஓசை எழுந்ததும், ஆறு விழித்திருக்கிறது என்று முடிவாகிறது. அது எவ்வாறு என்று ஐவருள் ஒருவனும் வினவவில்லை. கரையேறிய பின் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஓராள் குறைகிறதென்று அழுகிறான்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் இணையவழி நடந்த நாள்கள் நினைவுக்கு வந்தன. கண்டமங்கலம் போன்ற ஊர்களில் வீட்டிலிருக்கும் நல்ல கைப்பேசி தந்தையுடையது. அவர் வேலைக்குப் புதுவை சென்றால் பாடமும் உடன் சென்றுவிடும். இதை எல்லாரும் பேசினோம். கருவி இருந்த வீட்டுப் பிள்ளைகளும் ஏன் வாய் திறக்கவில்லை என்பதை யார் பேசினோம்? ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. தெரிந்ததைச் சொன்னாலோ 'முந்திரிக்கொட்டை' என்ற பட்டம். ஓரறை வீட்டின் சண்டையும் சமையலும் மற்றவர் செவிக்கு எட்டிவிடுமே என்ற கூச்சம் வேறு. பெண்பிள்ளையாயின் ஒலிவாங்கியை அணைத்து வைப்பதே வீட்டுக் கட்டளை.

இங்கேதான் முனிவரோடு எனக்குச் சிறு பிணக்கு. சீடர்களுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனப் பெயரிட்ட அளவிலேயே, அவர்களது மௌனத்திற்கு வேறு காரணம் தேடும் வாயிலை அவர் அடைத்துவிட்டார். அங்கதத்திற்கு அது போதும். நம் பிள்ளைகளோ மூடர் அல்லர், அஞ்சியவர்கள்.

2021 அக்டோபர் 27 அன்று நம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் என்பது ஏற்பாடு. தன்னார்வலர் அதே தெருவின் அக்காவாக இருந்தபோது, 'அக்கா, இது புரியல' என்று சொல்லப் பிள்ளைக்கு நா எழுந்தது. பாடம் மாறவில்லை, கேட்பவரின் முகம் மாறியது.

நம் பங்குகளின் ஞாயிறு மறைக்கல்வியையும் எண்ணிப் பார்க்கிறேன். பிழையின்றி ஒப்பித்த பிள்ளைக்கு ஆண்டுவிழாவில் பரிசு உண்டு. நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பரிசளித்த பங்கை நான் இதுவரை கண்டதில்லை.