டிரைஃபஸின் வகுப்பு

தத்துவப் பேராசிரியர் ஹியூபர்ட் டிரைஃபஸ் ஹார்வர்டில் படித்தவர், எம்.ஐ.டி.யில் கற்பித்துவிட்டு 1968இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2017இல் மறைவதற்குச் சற்று முன்புவரை வகுப்பெடுத்தார். அவருடைய வகுப்பு ஒலிப்பதிவுகளைக் கேட்பது தனி சுகம். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரின் ஒரே பத்தியில் நெடுநேரம் நின்றுவிடுவார். மாணவர் யாராவது மறுத்துப் பேசினால் குரலில் உற்சாகம் ஏறும். தம் விளக்கத்தை அங்கேயே சீர்தூக்கிப் பார்க்கத் தயங்க மாட்டார். இத்தனை ஆண்டு நடத்திய பாடத்தில் இந்தத் திறந்த மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஹைடெக்கர் சொல்லும் சுத்தியல் உதாரணத்தைத்தான் பாருங்களேன். ஆணி அடிக்கும் தச்சருக்குச் சுத்தியல் நினைவிலேயே இருப்பதில்லை. கைப்பிடி ஆட்டம் கண்டால்தான் அது ஒரு பொருளாகக் கண்ணில் படுகிறது. உலகத்தோடு நமக்குள்ள முதல் உறவு அறிவு அல்ல, புழக்கம் என்பதே இதன் சாரம். இதைப் பிடித்துக்கொண்டுதான், விதிகளை அடுக்கி மனித அறிவைக் கணினிக்குள் கொண்டுவந்துவிடலாம் என்ற நம்பிக்கையை எதிர்த்து டிரைஃபஸ் 1972இல் ஒரு நூலே எழுதினார். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் கொதித்தார்கள். பிறகு அத்துறையே விதிகளை விட்டு வேறு வழி தேடியது.

மனித இருப்பை ஆராயும் இருத்தலியத்தை அவர் தத்துவ நூல்களோடு நிறுத்தவில்லை. தஸ்தயெவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்கள் நாவலையும், திரைப்பட இயக்குநர் கோதாரின் படத்தையும் தத்துவவாதி கீர்க்ககார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தினார். நாவலைத் தத்துவத்துக்கு உதாரணமாகச் சுருக்காமல், அதையே சிந்தனையாக வாசித்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.