சட்டத்தில் இல்லாத ஆச்சி

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் உண்டு. மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரும் அதில் அடங்குவர். மைனர் மட்டும் அடங்கார். தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவளுக்கு எந்தச் சொல்விளக்கத்தையும் இரண்டு தடவை வாசிக்கிற பழக்கம். இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் இதன் விநோதம் உறைத்தது. பேரனுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டால், சோற்றுக்கும் மருந்துக்கும் அவனிடம் பணம் வாங்கித் தரச் சொல்லி ஆச்சி தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவன் நாலு வயதுப் பயலாக இருக்கும்போது, அவனைக் கண்ணில் காட்டாமல் யாராவது கதவைச் சாத்தினால், எடுத்துக் காட்ட ஆச்சியிடம் ஒரு பிரிவு எண் கிடையாது. பேரன் கடனாளியாக இருக்கலாம், குழந்தையாக இருக்கக் கூடாது.

மற்றச் சட்டங்களிலும் இதே வெற்றிடம்தான். 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 6ஆம் பிரிவில், குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும் அவருக்குப் 'பின்' தாய் என்றும் சொல்கிறது. அந்த ஒற்றைச் சொல்லோடு மல்லுக்கட்டி உச்ச நீதிமன்றம் வரை போனவர் எழுத்தாளர் கீதா ஹரிஹரன். தந்தை இறந்த பின் என்பது மட்டும் அதன் பொருளல்ல, அவர் பொறுப்பேற்காமல் விலகி நிற்பதும் அதில் அடங்கும் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. தாய்க்கே இவ்வளவு பாடு என்றால் தாத்தா பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் அவர்கள் இல்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 17ஆம் பிரிவில் உறவின் நெருக்கத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. எது நெருக்கம் என்பது நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது. 2015 மே மாதம் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தனது 257ஆவது அறிக்கையில், பேரக்குழந்தையோடு தாத்தா பாட்டி செலவிடும் நேரத்துக்கும் வழிகாட்டுதல் எழுதியது. அது இன்றுவரை சட்டமாகவில்லை.

தில்லிதான் செய்ய வேண்டும் என்றில்லை. திருமணம், மணவிலக்கு, மைனர்கள் எல்லாம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பவை. மாநிலச் சட்டமன்றமும் கைவைக்கலாம். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்கும் 1989இல் மகளின் சொத்துரிமைக்கும் நம் சட்டமன்றம் கைவைத்திருக்கிறது. நாளைக்கு ஓர் உறுப்பினர் எழுந்து, பேரப்பிள்ளைகளைப் பார்க்கத் தாத்தா பாட்டிக்குச் சட்ட உரிமை வேண்டும் என்றால் அவையில் எதிர்க்க ஆள் இருக்காது. பாட்டிக்கு எதிராக யார் ஓட்டுப் போடுவார்கள்? முதியவர்களுக்கு வாக்கு உண்டு, குழந்தைகளுக்குக் கிடையாது என்பதும் எல்லாக் கட்சிக்கும் தெரியும். அப்படி ஒரு மசோதா வந்தால் பெண்களாகிய நாம் அதை எப்படி வாசிப்பது என்பதே என் கேள்வி.

இதற்கு எனக்கு வழிகாட்டியது சட்டப் புத்தகம் அல்ல, வகுப்பறை. தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' ஒரு மனைவியின் வாயால் சொல்லப்படுவது. காரணவர் ஒருவருக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டவள் அவள். அதில் 'மாமி அரசியற் படலம்' என்றே ஒரு பகுதி உண்டு. அதை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இந்த மாமிதானே அந்தப் பிள்ளையளுக்கு ஆச்சி?"

ஆமாம், அவளேதான். உறவுச்சொல் என்பது பேசுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து பிறப்பது. குழந்தை நிற்கும் இடத்திலிருந்து பாட்டி; அதே குழந்தையைப் பெற்றவள் நிற்கும் இடத்திலிருந்து மாமியார். 'தாத்தா பாட்டி உரிமை' என்று ஒரு சட்டம் பெயர் சூட்டிக்கொள்ளும்போதே அது குழந்தையின் குரலை இரவல் வாங்கிக்கொண்டு தாயின் சொல்லை அழித்துவிடுகிறது. மாமியாரின் உரிமை என்று அதே மசோதாவுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள், அவையில் முனகலாவது கேட்கும்.

அமெரிக்காவில் இது நடந்து முடிந்த கதை. அங்கே ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் இயற்றி, ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இந்த உரிமை வந்துவிட்டது. வாஷிங்டன் மாநிலத்துச் சட்டம் அப்போது இன்னும் தாராளமாக இருந்தது: எவரும் எப்போதும் குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்கலாம் என்றது. அங்கே 1993இல் தற்கொலை செய்துகொண்ட ஒருவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவர்களின் தாய், அவரைப் பெற்றவர்களிடம் குழந்தைகளைக் காட்டவே மாட்டேன் என்று சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை வந்து பாருங்கள் என்றாள். அவர்கள் மாதம் இரண்டு வார இறுதிகளும் கோடையில் இரண்டு வாரங்களும் கேட்டு வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் மாதம் ஒரு வார இறுதியும், கோடையில் ஒரு வாரமும், தாத்தா பாட்டி இருவர் பிறந்தநாளிலும் நான்கு மணி நேரமும் கொடுத்தது. கவனியுங்கள், குழந்தையின் பிறந்தநாள் அல்ல, தாத்தாவின் பிறந்தநாள். யாருடைய நலனுக்காக எழுதப்பட்ட உத்தரவு அது என்று காட்ட இந்த நான்கு மணி நேரம் போதும். 2000 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த உத்தரவு செல்லாது என்றது. பொறுப்பான தாய் எடுத்த முடிவுக்கு முதல் மதிப்புத் தர வேண்டும் என்று எழுதியவர் சாண்ட்ரா டே ஓகானர்.

நம் ஊரில் இதே வாசகம் என்ன செய்யும்? கணவனை இழந்த மருமகள் மறுமணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று தெரிந்த மறுமாதமே பேரன்மீது பாசம் பொங்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை பள்ளிக்கட்டணம் எவ்வளவு என்று கேளாதவர்கள் அவர்கள். குடும்ப வன்முறைச் சட்டம் (2005) 21ஆம் பிரிவில், எதிர்மனுதாரர் குழந்தையைச் சந்திப்பது குழந்தைக்குத் தீங்கு என்று மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுக்க வேண்டும் என்கிறது. அடித்தவனை அப்படித் தடுத்துவிடலாம். அவன் அடித்தபோது அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தாத்தா பாட்டி என்ற பெயரில் தனி மனுவோடு வந்தால்? பேரனைக் கூட்டிக்கொண்டு போகிற வீடு அதே வீடுதானே.

இதோடு நிறுத்தினால் இது மாமியாருக்கு எதிரான கட்டுரையாகிவிடும். இன்னொரு பாட்டி இருக்கிறாள். மகள் செத்துப்போய், மருமகன் வேறு கல்யாணம் கட்டி, பேத்தியைக் காண வழியில்லாமல் நிற்கிற தாய்வழி ஆச்சி. அவளுக்கும் முந்தையவளுக்கும் சட்டம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது.

சொத்துச் சட்டத்துக்கு மட்டும் இந்த வித்தியாசம் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் உயில் எழுதாமல் இறந்தால் அவனைப் பெற்றவள் முதல் வரிசை வாரிசு. மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் சமபங்கு. மகள் இறந்தால்? 15ஆம் பிரிவைப் பாருங்கள். முதலில் அவள் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். அவர்களுக்கும் பின்னால்தான், மகள் சொந்தமாகச் சம்பாதித்த பணத்தில்கூட, பெற்ற தாய் வருகிறாள்.

இதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு; அது நம் மண்ணோடு தொடர்புடையது. 17ஆம் பிரிவு, மருமக்கள் வழிச் சட்டங்களின் கீழ் இருந்தவர்களுக்கு வரிசையை மாற்றி வைக்கிறது: இறந்த பெண்ணின் பிள்ளைகளும் அவளுடைய தாயும் முதலில், கணவன் அதற்கு அடுத்த வரிசையில். அந்தச் சட்டங்களின் பட்டியலில் திருவிதாங்கூரின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் இருக்கிறது. கொல்லம் 1101இல், அதாவது 1926இல், சேது லட்சுமிபாய் ஆட்சியில் வந்தது அது. மருமக்கள் வழியின் பிடியைத் தளர்த்தி மனைவிக்கும் மக்களுக்கும் உரிமை தரவே அந்தச் சட்டம். மான்மியத்து மனைவியின் புலம்பலுக்குச் சட்டமன்றம் கொடுத்த பதில் என்று நாங்கள் வகுப்பில் சொல்வோம். பாதி உண்மை. பழைய முறையில் பெண்ணரசு எதுவும் நடக்கவில்லை, காரணவர்தான் ஆண்டார். அதற்காகக் கண்ணீர் விட நான் தயாரில்லை. ஆனால் குழந்தை எந்த வீட்டுக்குரியது என்பது இயற்கையின் ஏற்பாடு அல்ல, சட்டம் எழுதுகிறவர்கள் தீர்மானிப்பது என்பதற்கு நாஞ்சில் நாடே சாட்சி. ஒரு காலத்தில் இங்கே தாயின் தரவாடு குழந்தையின் குடும்பம். அந்தக் கணக்கில் பார்த்தால் பார்க்கும் உரிமை கேட்டு நிற்க வேண்டியது தந்தைவீடு. இஸ்லாமியச் சட்டத்தில் இன்றும், சிறுகுழந்தையை வளர்க்கும் பொறுப்பில் தாய்க்கு அடுத்து நிற்பவள் தாயின் தாய்தான்.

நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் சாய்கின்றன. 2009இல், பிரசவத்தில் இறந்த மகளின் குழந்தையை வளர்த்த தாய்வழிப் பாட்டியிடமே அக்குழந்தை இருக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2022இல் வேறொரு வழக்கு. கொரோனா இரண்டாம் அலையில் தாய், தந்தை இருவரையும் இழந்த ஐந்து வயதுச் சிறுவன். தாயின் சகோதரிக்கு வயது குறைவு, மத்திய அரசு வேலை, கூட்டுக்குடும்பம் என்று குஜராத் உயர் நீதிமன்றம் அவனை அவரிடம் ஒப்படைத்திருந்தது. தாத்தாவுக்கு 71, பாட்டிக்கு 63. வயதையும் வருமானத்தையும் காட்டி அவர்களை ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் மாற்றியது. அதுவரை எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் சமூகத்தில் இன்றைக்கும் தந்தைவழித் தாத்தா பாட்டிதான் பேரனை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற பொருளில் ஒரு வரியையும் சேர்த்தது. பெரியம்மா சித்தியைவிடத் தாத்தா பாட்டி நெருக்கம் என்று சொல்லியிருந்தால் வாதம் முடிந்திருக்கும். 'தந்தைவழி' என்ற அடை எதற்கு? அந்த அடைமொழிதான் அடுத்தடுத்த வழக்குகளில் மேற்கோளாகும்.

நம் பெண்கள் பாடிய தாலாட்டுகளுக்கு அந்த அடை தெரியாது. தொட்டிலுக்குச் சீர் கொண்டுவருகிறவன் மாமன். குழந்தையை யார் அடித்தார் என்று விசாரிக்கும் பட்டியலில் தாய்வீட்டு உறவுகள் வரிசையாக வருவார்கள். தகப்பன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு தாய்வீட்டை வரவழைக்கிற பாட்டு அது. நீதிபதி 'நம் சமூகம்' என்று சொன்னபோது இந்தப் பாட்டுகளைப் பாடியவர்களைச் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகவே பொதுவான தாத்தா பாட்டி உரிமைச் சட்டம் எனக்கு வேண்டாம். வேண்டுவது குறுகலான ஒன்று. பெற்றவர்களில் ஒருவர் இறந்துபோய், இறந்தவர் பக்கத்து உறவைக் குழந்தை முற்றாக இழக்கும் நிலை இருந்தால் மட்டும், அதுவரை குழந்தையோடு உண்மையில் பழகி வளர்த்தவர்களுக்கு வழி திறக்கலாம். உயிரோடிருக்கும் தாய், அல்லது தந்தை, சொல்லும் காரணத்தை முதலில் கேட்க வேண்டும். வன்முறை வழக்கு இருக்கும் வீட்டுக்கு வழி மூடியே இருக்கட்டும். கேட்டுச் சொல்லும் வயதென்றால் குழந்தையையும் கேட்க வேண்டும்.

சந்திப்பு எங்கே என்பதையும் எழுதியாக வேண்டும். உத்தரவு வாங்குகிற ஆச்சிகளுக்கு இப்போது பெரும்பாலும் கிடைப்பது நீதிமன்ற வளாகத்தில் ஒரு மணி நேரம். தோவாளைப் பக்கத்திலிருந்து இலவச டவுன் பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு வந்து, தூக்குவாளியில் கொண்டுவந்த பலகாரத்தை மர பெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் காத்திருப்பாள். வருகிற பிள்ளை இரண்டு மாதம் பாராத முகத்தைப் பார்த்து விலகி நிற்கும். அது இறங்கி அவள் பக்கம் வரும்போது நேரம் முடிந்திருக்கும்.