வடசென்னையின் திறந்தவெளி: ஒதுக்கீட்டு விதியின் பலமும் குறையும்

சென்னைப் பெருநகரில் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நிலம் சேர்க்கும் முதன்மையான வழி, ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டு விதி. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் இது இடம்பெற்றுள்ளது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுவோர், சாலைகள் போக எஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைத் தானப் பத்திரம் மூலம் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைக்கு நிலமாகவோ, வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ தரலாம். 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைக்கு ஒதுக்கீடு இல்லை.

இவ்விதியின் பலம் பெரியது. அரசு கருவூலத்தில் கைவைக்காமலே பொது நிலம் சேர்கிறது. நகரம் விரியும்போதே திடலும் கூடவே உருவாகிறது. இவ்வாறு நிலத்தைக் கேட்பது சொத்துரிமையைப் பறிப்பதாகாதா என்ற வழக்கில், விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே உள்ள பூங்காக்களையும் திடல்களையும் காக்க 1959ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது.

குறை, இவ்விதி எங்கே விளைகிறது என்பதில் இருக்கிறது. புதிய மனைப்பிரிவுகளும் அடுக்குமாடிகளும் பெருகும் இடத்தில்தான் ஒதுக்கீட்டு நிலம் கிடைக்கும். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய புறநகரில் அது பயன் தரும். நூறாண்டுக்கு முன்பே வீடுகள் நெருங்கிவிட்ட வடசென்னையின் ராயபுரத்தில் 3,000 சதுர மீட்டர் மனை அரிது. ஒதுக்கீட்டுத் தொகையைக் கொண்டு வாங்குவதற்கும் காலியிடம் வேண்டுமே. 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா போன்ற பழைய திடல்களே இப்பகுதிக்கு இன்றும் மூச்சு விட இடம் தருகின்றன. கால்பந்தையும் குத்துச்சண்டையையும் தலைமுறைகளாக வளர்த்துவரும் வடசென்னைக்கு இது போதாது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. வடசென்னையின் பெரிய திறந்தவெளிகள் கடற்கரையும் எண்ணூர் கழிமுகமும். மனைக்கணக்கில் அடங்கும் விதி இவற்றைத் தொடுவதே இல்லை. 1876இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம், தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணலைத் தடுத்தது. அதனால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்தது. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் தடுப்பும் தூண்டில் வளைவுகளும் நிற்கின்றன. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலையிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தை மூடியது. கழிமுகத்தை மீட்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் ஆணையிட்டது. ஆயினும் சூழல் மீட்பு ஒரு துறையிடமும், பூங்கா மாநகராட்சியிடமும், நிலத்திட்டம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமுமாகப் பிரிந்தே கிடக்கின்றன.

2023இல் 1,000 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்டு 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டம் இந்தப் பிரிவினையைக் குறைக்க முயல்கிறது. பல துறைகளின் பணிகளைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் ஒருங்கிணைப்பதும், புறக்கணிக்கப்பட்ட பகுதிக்கெனத் தனியே நிதி வைப்பதும் இதன் சிறப்பு. ஆனால் இது பணிகளின் பட்டியல். கட்டி முடித்ததும் நிதியும் முடியும். திடலைப் பராமரிக்கவும் கழிமுகத்தைக் காக்கவும் ஆண்டுதோறும் வரும் வருவாய்க்கு இதில் வழியில்லை.

அமெரிக்காவின் ஏற்பாடு இங்கே ஒப்பிடத் தக்கது. 1964ஆம் ஆண்டின் நில, நீர்வளப் பாதுகாப்பு நிதிச் சட்டப்படி, கடலடி எண்ணெய், எரிவாயு வருவாயில் ஒரு பங்கு பூங்காக்களுக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் செல்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களின் தேவையை ஆராய்ந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டம் புதுப்பித்தால்தான் அதன் பங்கு கிடைக்கும். அந்நிதியில் உருவான இடத்தை வேறு பயனுக்கு மாற்றினால் சம மதிப்புள்ள மாற்று நிலம் தர வேண்டும். இதிலும் குறை இருந்தது: நிதியின் பெரும்பகுதி பல ஆண்டுகள் வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டது. ஆண்டுக்கு 90 கோடி டாலர் முழுமையாகக் கிடைக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வடசென்னைக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. இங்கே பொதுவெளியைச் சுருக்கியவை துறைமுகமும் அனல்மின் நிலையமும் எண்ணெய் ஆலையும். ஈடு கேட்கப்படுவதோ கட்டடம் கட்டுவோரிடம். ஒதுக்கீட்டு விதி புறநகருக்குத் தொடர வேண்டும். வடசென்னையின் தொழிற்பகுதிக்கு, அங்குள்ள தொழில்களின் வருவாயிலிருந்து சட்டப்படி ஒரு பங்கும், கடற்கரை, கழிமுகம், திடல் மூன்றையும் ஒன்றாக அளந்து குறித்த காலத்தில் புதுப்பிக்கப்படும் திட்டமும் தேவை. மீனவர் வலை உலர்த்தும் கரையும் படகு நிறுத்தும் இடமும் அதில் முதலில் குறிக்கப்பட வேண்டும். அதுவரை வடசென்னையின் திறந்தவெளிப் பற்றாக்குறையை இப்போதைய விதி தீர்க்காது.