வாசனைக்குக் கொடுத்த காசு

கிரீன் டீ கசக்கிறது என்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இலையைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டியது கொதிக்கிற தண்ணீரை!

விஷயம் சிம்பிள். தேயிலையில் மெல்லிய இனிப்பைத் தருகிற அமினோ அமிலங்கள் ஜில் தண்ணீரிலேயே இறங்கிவிடும். கசக்க வைக்கிற கேட்டசினுக்கும் காஃபீனுக்கும் சூடு வேண்டும். சூடு இல்லையென்றால் அவை மெதுவாகத்தான் இறங்கும். இதைப் புரிந்துகொண்டு ஜப்பான்காரர்கள் 'மிஸுதாஷி' என்று குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். இப்போது ஆர்.எஸ்.புரம், பீளமேட்டு ஃப்ரிட்ஜ்களிலும் அந்த பாட்டில் குடியேறியிருக்கிறது. சந்தோஷம்.

வருத்தம் என்னவென்றால், அதற்குள் மிதப்பது எலுமிச்சை, தேன், பீச் வாசனை போட்ட டீ பைகள். வாசனை மூக்குக்கு ஏற ஆவி வேண்டும். சுடச்சுடக் குடிக்கும்போது ஆவி மணக்கிறது, மணத்தில் இலையின் குறை மறைந்துபோகிறது. ஜில்லென்று குடித்தால் மூக்குக்கு வேலை குறைவு. நாக்கு நிஜத்தைச் சொல்லிவிடும். பல பைகள் இந்தப் பரீட்சையில் அவுட். வருவது லேசான எசென்ஸ் வாடையும், வெளிறிய தண்ணீரும்தான்.

வாசனை டீ எல்லாமே மோசமா? இல்லைங்க. சீனாவில் மல்லிகைப் பூவை இலையோடு ராத்திரி முழுக்கக் கலந்து வைத்து, மணம் ஏறியதும் பூவைப் பிரித்தெடுப்பார்கள். மணம் இலைக்குள்ளேயே இறங்கியிருக்கும். பச்சைத் தண்ணீரிலும் ஜெயிக்கும். அது உழைப்பு. மேலே தெளித்த எசென்ஸ் ஒப்பனை.

ஒரு கணக்குப் பார்ப்போம். 25 பைகள் உள்ள பெட்டி. பைக்கு ஒன்றரை கிராம் என்றால் மொத்தம் 40 கிராம்கூட இல்லை. ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரை கிலோ பசுந்தேயிலை வேண்டும். ஆக, உங்கள் பெட்டிக்குப் போனது 170 கிராம் பச்சை இலை. 2023 செப்டம்பரில் நீலகிரியின் சிறு விவசாயிகள் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த விலையைக் கொடுத்திருந்தால்கூட, உங்கள் பெட்டிக்கான இலைக்கு விவசாயி கைக்கு வருவது ஆறு ரூபாய்க்குள்தான்! பெட்டியைத் திருப்பி எம்.ஆர்.பி.யைப் பாருங்கள். தயாரிப்பு, லாரி, வரி, கடை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மிச்சக் காசு அட்டைப் பெட்டிக்கும் அதன் மேல் இருக்கிற எலுமிச்சைப் படத்துக்கும் போகிறது.

எலுமிச்சையை மார்க்கெட்டில் வாங்கக் கூடாதா?

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூர், கோத்தகிரி. பக்கத்திலேயே கிடைக்கிறது, எசென்ஸ் போடாத முழு இலை கிரீன் டீ. ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலு டீஸ்பூன். மூடி, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வடிகட்டுங்கள். புதினாவோ துளசியோ கடைசி ஒரு மணி நேரம் போதும். எலுமிச்சையைக் குடிக்கும்போது பிழியலாம். ஒன்று மட்டும் கவனம்: ஜில் தண்ணீர் கிருமியைக் கொல்லாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே ஊற்றுங்கள். ஒரு நாளைக்குள் குடித்து முடியுங்கள்.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த கடினத் தண்ணீரில் நல்ல டீயும் மந்தமாகிவிடும். சிறுவாணி வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஊரே பெருமைப்படுகிற ருசியான தண்ணீர் குழாயில், தேயிலை மலை கண்ணெதிரே. இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் பாட்டில் எசென்ஸைக் கலந்து குடிப்பது, கறிவேப்பிலை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு கறிவேப்பிலைப் பொடி பாக்கெட்டைப் பிரிக்கிற மாதிரி.

இளைப்பதற்காகக் குடிக்கிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் இளைப்பது பர்ஸ் மட்டும்தான்.