தலைச்சோலைக்கு இரண்டு சாவிகள்

ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள். அவற்றின் பெயர்களைச் சாவிகளாக வைத்துப் பைத்தானில் ஒரு டிக்‌ஷனரி எழுதுங்கள். பிறகு வேறொரு கோப்பில் வந்த பெயர்ப் பட்டியலைக் கொண்டு அதில் தேடுங்கள். நாகலூர் கிடைக்கும், மஞ்சக்குட்டை கிடைக்கும், மாரமங்கலமும் கிடைக்கும். தலைச்சோலைக்கு வரும்போது மட்டும் ‘கீ எரர்’ என்று நிரல் நின்றுபோகலாம். திரையில் பார்த்தால் இரண்டு பெயரும் அச்சு அசலாக ஒன்றே.

‘லென்’ போட்டு நீளத்தைக் கேட்டால் குட்டு வெளிப்படும். ஒரு தலைச்சோலைக்கு நீளம் 9, இன்னொன்றுக்கு 10. ‘சோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் 3019 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், 3015, 3006 என்று ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்கிறது யூனிகோடு. பைத்தானின் ஒப்பீடோ எண்களை மட்டுமே பார்க்கும். ஒன்பது பெயர்களில் ஒகர, ஓகார, ஔகாரக் குறி உள்ள பெயர் இது ஒன்றுதான். அதனால்தான் மற்ற எட்டும் தப்பின.

டிக்‌ஷனரிக்குள் நடக்கும் ஹாஷ் தேடல் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வண்டி 14-ஆவது வளைவில் நிற்கிறது என்று தகவல் வந்தால், தேடிப் போகிறவர் நேரே அங்கேதான் போவார். ஹாஷும் அப்படித்தான்: சாவியிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்தில் மட்டும் தேடுகிறது. வேகம் அதனால்தான் வருகிறது. ஒரே ஓர் எழுத்தெண் மாறினாலும் போக வேண்டிய வளைவே மாறிவிடும்.

தேடல் பொய்த்தால் பலரும் முதலில் செய்வது, ‘கெட்’ போட்டு, கிடைக்காவிட்டால் சுழியம் என்று எழுதுவது. பிழைச்செய்தி மறையும், தலைச்சோலையின் கணக்கும் சேர்ந்து மறையும். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இன்னொரு வழி, எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது. நிரந்தரத் தீர்வாக வைத்தால் ஹாஷின் வேகமே போய்விடும். ஆனால் நோய் கண்டறிய இது அருமையான கருவி. வரிசையாகத் தேடும்போது கிடைத்து, ஹாஷில் கிடைக்காவிட்டால் கோளாறு ஹாஷ் பக்கம்: ஜாவாவில் ‘ஈக்வல்ஸ்’ எழுதிவிட்டு ‘ஹாஷ்கோடு’ எழுத மறந்திருப்போம், அல்லது உள்ளே வைத்த பிறகு சாவியின் மதிப்பை மாற்றியிருப்போம். இரண்டிலும் கிடைக்காவிட்டால் சாவியே வேறு: தலைச்சோலை இந்த வகை. பின்னால் ஒட்டிய வெற்றிடம், எண்ணாகவும் சரமாகவும் வரும் 636601 என்ற அஞ்சல் குறியீடு எல்லாம் இதே இனம்.

சாவியே வேறு என்று தெரிந்ததும் அனுபவசாலிகள் எடுப்பது சீராக்கல்: எல்லாச் சரங்களையும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றுவது. ஒரே வரி, பிரிந்த ஓகாரம் சேர்ந்துவிடும். உள்ளே வைக்கும்போதும் தேடும்போதும், இரு பக்கமும் செய்தால் இந்தப் பிழை திரும்ப வராது. ஒரு பக்கம் மட்டும் செய்தால் நேற்றுவரை கிடைத்த ஊரும் இன்று தொலையலாம்.

ஆனால் இதன் எல்லை மிகக் குறுகியது. ‘கௌ’ என்பதன் இறுதிக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டி ‘கெள’ என்று எழுதுவோர் ஏராளம். கண்ணுக்கு ஒன்று, யூனிகோடுக்கு இவை சமமே அல்ல. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தாலும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதலாம், அவையும் சேரா. ஒற்று விட்டுத் ‘தலைசோலை’ என்று எழுதினால் அது எழுத்துக்கூட்டல் சிக்கல், எந்த யூனிகோடு விதிக்கும் எட்டாது.

அப்படியானால் இன்னும் கடுமையாகச் சீராக்கலாமே, ஒற்றுகளையே நீக்கிவிட்டு ஒப்பிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. எவ்வளவு தளர்த்துகிறோமோ, அவ்வளவுக்கு வெவ்வேறு ஊர்கள் ஒன்றாகும். தொலைந்த சாவி கூச்சல் போடும். கலந்த சாவி ஓசையின்றித் தவறான விடை தரும். ஏற்காட்டு ஊராட்சிகளில் ஒன்றின் பெயர் வேலூர். பாலாற்றங்கரை நகரமும் வேலூர்தான். இந்த இரண்டையும் எந்தச் சீராக்கலும் பிரித்துக் காட்டாது.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு மாற்றுத் தரமாக ஏற்ற டேஸ் 16 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனி எண். அங்கே ‘சோ’ இரண்டாக உடையாது. ஆனால் அங்கும் வேலூர்கள் இரண்டும் ஒன்றாகவே நிற்கும்.

ஆகவே என் முடிவு இது: சீராக்கல் தேவை, அதை ஒரே செயற்கூறில், தரவு நுழையும் வாசலிலேயே செய்ய வேண்டும். ஊருக்கு அடையாளமாக ஓர் எண் இருக்கட்டும். பெயர் அந்த எண்ணைத் தேடும் வழியாக இருக்கட்டும். மக்கள் எழுதிய வடிவம் மாறாமல் தனியே இருக்கட்டும். தலைச்சோலை இல்லை என்று ஒரு நிரல் சொன்னால், அதன் எழுத்தெண்களை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.