வட்டத்தில் வெட்டிய காலம்

கீபோர்டு வகுப்பில் சுரங்களின் கால அளவைச் சொல்லித்தர ஆசிரியர்கள் பலர் முதலில் எடுப்பது கத்தரிக்கோல். காகிதத்தில் வெட்டிய முழு வட்டம் செமிப்ரீவ், பாதி மினிம், கால் கிராட்செட், அரைக்கால் குவேவர். இதில் பலன் இல்லாமல் இல்லை. புள்ளி வைத்த மினிமுக்கு ஏன் மூன்று எண்ணிக்கை என்பது, அரைவட்டத்தோடு ஒரு கால்வட்டத்தை ஒட்டி வைத்த மாத்திரத்தில் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

ஆனால் காகிதத்தில் நேரம் ஓடுவதில்லை. என்னிடம் படித்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி துண்டுகளைப் பிழையில்லாமல் அடுக்குவாள். வாசிக்க உட்கார்ந்தால், மினிமின் இரண்டாவது எண்ணிக்கை முடிவதற்குள் விரல் எழுந்துவிடும். கணக்கு வந்திருந்தது, காத்திருக்க வரவில்லை. கட்டத்துக்கு மூன்று எண்ணிக்கை உள்ள பாட்டு வந்தால் இன்னொரு குழப்பம்: முழு வட்டம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவே அடங்காது.

கைதட்டிச் சொல்லித்தந்தால் சரியாகிவிடும் என்பார்கள். தட்டிய ஒலி அப்போதே அடங்கிவிடுகிறதே! மினிமைத் தட்டினாலும், கிராட்செட்டைத் தட்டிவிட்டு ஓர் எண்ணிக்கை சும்மா இருந்தாலும் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கே தொடங்குவது என்பது தட்டலில் தெரியும்; எதுவரை நீட்டுவது என்பது தெரியாது.

ஜெனீவாவில் இசை ஆசிரியர் எமில் ஜாக்-டால்குரோஸ் மாணவர்களை எழுப்பி நடக்கவிட்டதை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். கிராட்செட்டுக்கு நடை, குவேவருக்கு ஓட்டம், மினிமுக்கு நிதானமான ஒரே அடி. நீளத்தை உடம்பே சுமக்கிறது. அதற்கு இடம் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் நடக்காது.

நம் கர்நாடக இசையின் சரளி வரிசைக்கு இடமும் வேண்டாம், பொருளும் வேண்டாம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தைக் கை போட்டுக்கொண்டிருக்க, குரல் அட்சரத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு சுரமாக மூன்று காலத்தில் பாடும். ஓடும் காலத்துக்குள்ளேயே பகுப்பு நடக்கிறது. ஆனால் இரண்டாம் காலம் என்றதும் பல பிள்ளைகளின் கையும் குரலோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். வரிசை மனப்பாடமாகிவிட்டால் குருவும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதுண்டு. அங்கே பயிற்சி வெறும் ஒப்பிப்பாகிவிடுகிறது.

ஹங்கேரியின் கோடாய் முறையும் குரலையே நம்புகிறது: கிராட்செட்டுக்கு ‘டா’, இரண்டு குவேவருக்கு ‘டிடி’. தமிழ்ப் பிள்ளைக்கு இது புதுப் பாடமே அல்ல. டா நெடில், இரண்டு மாத்திரை. டி குறில், ஒரு மாத்திரை. தொல்காப்பியர் மாத்திரையை அளந்ததும் கண் இமைப்பாலும் கைந்நொடியாலும்தான். ‘டாஅ’ என்று அளபெடுத்தால் மூன்று மாத்திரை. புள்ளி வைத்த கிராட்செட் கையில் வந்துவிட்டது. இதை விட்டுவிட்டு முதல் நாளே நாம் காகிதம் வெட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தச் சிறுமியை வட்டங்களை ஓரமாக வைக்கச் சொல்லி, ‘டாஆ’ என்று பாடிக்கொண்டே கட்டையை அழுத்தச் சொன்னேன். ஆகாரம் முடியும்வரை விரல் எழவில்லை.