வால் நறுக்கிய குழாய்

பந்தய சைக்கிள் பிரேமில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கீழ்க்குழாயான டவுன் டியூபின் பின்பக்கம். முன்னால் உருண்டு வரும் குழாய் அங்கே சட்டென்று தட்டையாக முடிந்துவிடும். நீர்த்துளி போல வாலை நீட்டினால் காற்று இன்னும் சுகமாக வழுக்கும். ஆனால் எடை ஏறும், பக்கக்காற்று வண்டியை இழுக்கும். வாலை நறுக்கினாலும் காற்று ஏறக்குறைய வால் இருப்பதாகவே பாவித்து ஓடும். 1930களில் ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம் கார்களுக்காகக் கண்ட வழி இது. என்ன அருமையான சமரசம்!

2022இல் வந்த ட்ரெக் மடோன் பந்தய சைக்கிளில் இன்னும் ஒரு படி போய், சீட்டுக்குக் கீழே ஒரு திறப்பையே விட்டிருக்கிறார்கள். காற்றுக்கு வழி; சீட்டுக்கும் கொஞ்சம் நெகிழ்வு. எடைக்கும் ஒரு கணக்கு உண்டு: பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதி. அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், மேலும் மிச்சம் பிடிக்கும் கிராம்களைத் தாராளமாகக் காற்றுக்கே செலவழிக்கலாம்.